கவலை உடலை என்ன செய்கிறது?

 



மதீனாவின் பள்ளிவாசலில் ஒருநாள், தொழுகை நேரமல்லாத நேரத்தில், அன்சாரித் தோழர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் பெயர் அபூஉமாமா (ரலி). உள்ளே வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இந்த நேரத்தில் இங்கு ஏன் அமர்ந்திருக்கிறீர் என்று அவரிடம் விசாரித்தார்கள். கவலைகளும் கடன்களும் தம்மைப் பிடித்துக்கொண்டதாக அவர் தெரிவித்தார். காலையிலும் மாலையிலும் ஓதிவருமாறு அண்ணலார் அவருக்கு ஒரு துஆவைக் கற்றுக்கொடுத்தார்கள். அவர் அவ்வாறே ஓதிவர, அல்லாஹ் அவருடைய கவலையைப் போக்கி, கடனையும் நிறைவேற்றிக் கொடுத்தான். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது.

இந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் துஆவை மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். அதற்கு முன் நடந்ததையும் கவனிக்க வேண்டும். அபூஉமாமா (ரலி) தாமாக வந்து முறையிடவில்லை. அவர் அமர்ந்திருந்த நேரத்தைப் பார்த்து, அண்ணலார்தாம் முதலில் கேட்டார்கள். கேட்டபின், உமது ஈமான் குறைந்துவிட்டது என்று அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை.

இன்று நம் பள்ளிகளிலும் தொழுகை முடிந்து எல்லோரும் சென்ற பின்பு தூணில் சாய்ந்து அமர்ந்திருப்பவர்கள் உண்டு. அவர்களுடைய கவலை உள்ளத்தில் மட்டும் தங்குவதில்லை. இரத்தத்திலும் இதயத்திலும் இறங்கி வேலை செய்கிறது. கவலை உடலைச் சேதப்படுத்தும் விதம் என்ன, அதைப் பற்றி மார்க்கம் நமக்கு இட்டுள்ள கடமை என்ன என்பதை இவ்வாரம் சிந்திப்போம்.

ஊருக்குள் யானை வந்த நாள்

2023 மே 27 அன்று கம்பம் நகரில் நடந்ததை நம் பகுதி மக்கள் மறந்திருக்க முடியாது. அரிக்கொம்பன் என்று பெயர் பெற்ற காட்டு யானை அன்று ஊருக்குள் நுழைந்து தெருக்களில் ஓடியது. மக்கள் சிதறி ஓடினர். 144 தடையுத்தரவு போடப்பட்டது. காயமுற்ற ஒருவர் சில நாட்களில் இறந்துபோனார். ஜூன் 5 அன்று வனத்துறையினர் அந்த யானையை மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுசென்றார்கள்.

அன்று யானையை நேரில் கண்டவருடைய உடலுக்குள் என்ன நடந்திருக்கும்? கண் கண்ட ஆபத்தை மூளை உணர்ந்த அடுத்த கணமே, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி அபாயச் செய்தியை நரம்புகள் வழியே அனுப்புகிறது. இரண்டு சிறுநீரகங்களின் தலைப்பிலும் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள், அட்ரினலின் என்ற சுரப்பு நீரை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது; இரத்த அழுத்தம் ஏறுகிறது. மூச்சுக்குழல்கள் விரிகின்றன. கண்ணின் பாவை அகல்கிறது. கல்லீரல் தன் இருப்பிலுள்ள சர்க்கரையை வெளியேற்றுகிறது. வயிற்றுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து, கால்களின் தசைகளுக்கு மிகுதியாகப் பாய்கிறது. வாய் உலர்கிறது. காயம் பட்டால் இரத்தம் விரைவில் உறைவதற்கும் ஆயத்தம் நடக்கிறது. இவையெல்லாம் சில நொடிகளுக்குள் நடந்து முடிகின்றன. முழங்கால் வலியால் மாடிப்படி ஏற முடியாத பெரியவர்கூட அன்று ஓடியிருப்பார்!

அடுத்த சில நிமிடங்களில் இரண்டாவது ஏற்பாடு தொடங்குகிறது. ஹைப்போதலாமஸ், பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. அது அட்ரினல் சுரப்பிகளுக்கு மற்றொரு செய்தியை அனுப்ப, அவை கார்ட்டிசால் என்னும் நீரைச் சுரக்கின்றன. போராட்டம் நீண்டாலும் உடல் தாங்குவதற்காக, இரத்தத்தில் சர்க்கரை குறையாமல் கார்ட்டிசால் பார்த்துக்கொள்கிறது. வீக்கத்தையும் அடக்கி வைக்கிறது. ஆபத்து நீங்கிவிட்டால், போதும் நிறுத்து என்று அந்தக் கார்ட்டிசாலே மூளைக்குச் செய்தி சொல்கிறது. சற்று நேரத்தில் உடல் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர், எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடல் செய்யும் இந்த ஆயத்தத்தை 1915இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். அச்சத்தில் மனித உடல் படும் பாட்டைத் திருக்குர்ஆன் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே காட்டியுள்ளது. ஹிஜ்ரீ 5ஆம் ஆண்டில் அகழ்ப்போரின்போது மேலிருந்தும் கீழிருந்தும் பகைவர் சூழ்ந்த வேளையில், முஃமின்களின் பார்வைகள் நிலைதடுமாறியதையும், இதயங்கள் தொண்டைக்குழி வரை வந்துவிட்டதையும் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 10ஆம் வசனம் வர்ணிக்கிறது. அங்கே நின்றவர்கள் ஈமானில் மலை போன்ற ஸஹாபாக்கள். அச்சம் அவர்களுடைய உடலிலும் தன் வேலையைச் செய்தது.

ஆக, இந்த அபாய மணி அல்லாஹ் தந்த அருட்கொடையாகும். அது இல்லையென்றால் மனிதன் யானைக்கு முன்னால் அசையாமல் நின்று மிதிபட்டிருப்பான். சிறிது நேரம் ஒலித்து அடங்குவதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது.

போகாத யானை

அரிக்கொம்பன் பத்து நாட்களுக்குள் போய்விட்டது. கடன் போகுமா? விலைவீழ்ச்சி போகுமா? மகளின் திருமணச் செலவு, வளைகுடாவிலிருந்து மூன்று மாதமாகப் பணம் அனுப்பாத மகன், தேர்வில் தோற்ற பிள்ளை, தீராத வியாதியில் படுத்திருக்கும் அத்தா என்று இவை ஒவ்வொன்றும் வீட்டுக்குள்ளேயே நிற்கும் யானைகள். கண்ணுக்குத் தெரியாத இந்த ஆபத்துக்கும், தெருவில் வந்த யானைக்கும் நம் உடலின் அபாய மணிக்கு வேறுபாடு தெரிவதில்லை. இரண்டுக்கும் அதே அட்ரினலினும் அதே கார்ட்டிசாலும்தான் சுரக்கின்றன.

ஏலக்காயை எடுத்துக்கொள்வோம். கம்பம், கூடலூர், போடி, உத்தமபாளையம் பகுதிகளில் எத்தனையோ குடும்பங்கள் இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களை நம்பி வாழ்கின்றன. தோட்டம் வைத்திருப்போரும், குத்தகைக்கு எடுத்தோரும், காய் வாங்கி விற்போரும், விடியற்காலையில் ஜீப்பில் ஏறி மேட்டுக்குப் போகும் தொழிலாளிப் பெண்களும் அதில் அடக்கம். 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் புரட்டிப்போட்ட வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் தோட்டங்கள் அழிந்தன. வரத்துக் குறைந்ததால் 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ உச்சவிலையாக 7,000 ரூபாய் வரை போயிற்று. அந்த விலையை நம்பிக் கடன் வாங்கித் தோட்டம் பிடித்தவர்கள் உண்டு. 2022இல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கிக் கிடந்தது. விலை இறங்கியதே தவிர, வாங்கிய கடன் இறங்கவில்லை. அதற்கும் முன்பு, 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையால் எல்லைச் சாலைகள் அடைபட்டபோது, தோட்டங்களை விட்டுத் திரும்பி வந்த கூலித் தொழிலாளர் குடும்பங்களின் தவிப்பையும் இப்பள்ளத்தாக்கு கண்டிருக்கிறது.

இப்படி மாதக்கணக்கில் மணி அடித்துக்கொண்டே இருந்தால் உடல் என்ன ஆகும்? கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஆய்வு செய்த ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ அறிஞர் 1936இல் இதற்கு ஒரு விடை கண்டார். குளிர், காயம், நஞ்சு, ஓயாத உழைப்பு என்று எலிகளுக்கு எந்தத் துன்பத்தைக் கொடுத்தாலும் அவற்றின் உடலுக்குள் ஒரே விதமான மாற்றங்கள் ஏற்படுவதை அவர் பார்த்தார். அட்ரினல் சுரப்பிகள் பெருத்தன. நோய் எதிர்ப்புக்கு உதவும் உறுப்புகள் சுருங்கின. இரைப்பையில் புண்கள் தோன்றின. முதலில் அபாயம் உணர்தல், அடுத்து எதிர்த்துத் தாங்குதல், இறுதியில் களைத்து வீழ்தல் என்று இதை அவர் மூன்று கட்டங்களாகப் பிரித்தார். நம்மில் பலர் இரண்டாவது கட்டத்திலேயே நெடுங்காலம் நிற்கிறோம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது கட்டத்தை நோக்கி நடக்கிறோம்.

உறுப்பு உறுப்பாக

முதலில் இதயத்தைப் பார்ப்போம். இடைவிடாமல் உயர்ந்திருக்கும் இரத்த அழுத்தம் குழாய்களின் உட்சுவரைச் சிராய்க்கிறது. அந்தச் சிராய்ப்பில் கொழுப்பு படிகிறது. உறைவதற்கு ஆயத்தமாக இருக்கும் இரத்தம் அங்கே கட்டியாகி வழியை அடைத்தால் மாரடைப்பு வருகிறது. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுஃப் என்ற இதயநோய் அறிஞர் தலைமையில் இந்தியா உட்பட 52 நாடுகளில், ஏறத்தாழ 30,000 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2004இல் வெளியான அதன் முடிவில் புகைப்பழக்கம், இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, கெட்ட கொழுப்பு, தொப்பை முதலியவற்றோடு, மன அழுத்தமும் மனச்சோர்வும் மாரடைப்பின் ஒன்பது முக்கியக் காரணங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டன. அதே ஆய்வைத் தொடர்ந்து 2007இல் வெளியான மற்றொரு கட்டுரை, தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு நடுத்தரமாக 53 வயதில் வருவதாகவும், மற்ற நாட்டவருக்கு ஏறத்தாழ 59 வயதில் வருவதாகவும் காட்டியது. ஆறு ஆண்டுகள் முந்திவிடுகிறது. பேரப்பிள்ளையைப் பார்ப்பதற்குள் ஜனாஸா எழுகிறது.

அடுத்தது சர்க்கரை. ஓடுவதற்காகக் கல்லீரல் வெளியேற்றிய சர்க்கரை, கடன் பத்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எதற்குப் பயன்படும்? அது இரத்தத்திலேயே சுற்றுகிறது. கார்ட்டிசால் நெடுநாள் மிகுந்திருந்தால் இன்சுலின் தன் வேலையைச் செய்ய முடியாமல் திணறுகிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. மருந்து தவறாமல் சாப்பிட்டும் சுகர் இறங்கவில்லையே என்று கவலைப்படுவோர், அந்தக் கவலையையும் ஒரு காரணமாகக் கணக்கில் எடுக்க வேண்டும்.

நோய் எதிர்ப்பு ஆற்றலும் குன்றுகிறது. 1991இல் வெளியான ஓர் ஆய்வுக்காக இங்கிலாந்தில், ஆரோக்கியமான 394 பேர் தாமாக முன்வந்து மூக்கில் சளிக் கிருமிகளை ஏற்றுக்கொண்டார்கள். மன அழுத்தம் மிகக் குறைவாக இருந்தோரில் 100க்கு 27 பேருக்குச் சளி பிடித்தது. மிக அதிகமாக இருந்தோரில் 100க்கு 47 பேருக்குப் பிடித்தது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்து 1995இல் வெளியான ஆய்வு இன்னும் உருக்கமானது. நினைவு தப்பிய முதியோரை வீட்டில் வைத்துப் பராமரித்த 13 பெண்களுக்கும், அத்தகைய பாரம் இல்லாத 13 பெண்களுக்கும் கையில் ஒரே அளவான சிறு காயம் செய்து கவனித்தார்கள். பாரம் இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாட்களில் காயம் ஆறியது. பராமரித்த பெண்களுக்கு 49 நாட்கள் ஆயின. படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரையோ அத்தாவையோ பார்த்துக்கொள்ளும் நம் வீட்டுப் பெண்களை இங்கே நினைத்துப் பாருங்கள். அவர்கள் செய்வது பெரும் நன்மையான காரியம்தான். அந்தப் பாரத்தை ஒருவர் தலையிலேயே ஏற்றிவிட்டு மற்றவர்கள் விலகிக்கொள்வதற்கு மார்க்கத்தில் இடமில்லை.

உறக்கமும் கெடுகிறது. கார்ட்டிசால் விடியலில் உயர்ந்தும் இரவில் தாழ்ந்தும் இருக்க வேண்டும் என்பது படைத்தவன் வகுத்த ஒழுங்கு. கவலையில் அது இரவிலும் தாழ்வதில்லை. படுத்தால் தூக்கம் வராது. அப்படியே வந்தாலும் நள்ளிரவில் விழிப்புத் தட்டும். உறக்கம் குறைந்தால் மறுநாள் கார்ட்டிசால் இன்னும் கூடுகிறது. மறதி, எரிச்சல், கழுத்து வலி, செரிமானக் கோளாறு, பெண்களுக்கு மாதவிலக்குத் தவறுதல் ஆகியவை இதைத் தொடர்ந்து வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எல்லா நோய்களையும் கவலையின் தலையில் கட்டிவிடக் கூடாது. வயிற்றுப்புண்ணுக்குக் கவலையே காரணம் என்று ஒரு காலத்தில் கருதினார்கள். பெரும்பாலான குடற்புண்களுக்கு ஒரு கிருமிதான் காரணம் என்று ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இருவர் கண்டறிந்து, 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். எனவே நெஞ்சு வலித்தால், இது வெறும் டென்ஷன் என்று நாமே தீர்ப்பளித்துவிட்டு வீட்டில் படுத்திருப்பது ஆபத்து. மருத்துவரிடம் காட்டிய பிறகே அப்படிச் சொல்லலாம்.

2017ஆம் ஆண்டு வறட்சி சொன்ன பாடம்

2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. காவிரிப் பாசன மாவட்டங்களில் நட்ட பயிர் கருகியது. 2017 ஜனவரித் தொடக்கத்தில், ஒரே மாதத்தில் 106 விவசாயிகள் இறந்ததாக வந்த செய்திகளை அடிப்படையாகக் கொண்டு, தேசிய மனித உரிமை ஆணையம் தமிழக அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஜனவரி 10 அன்று, நம் மாவட்டத்துப் பெரியகுளத்தைச் சேர்ந்தவரும் அன்றைய முதலமைச்சருமான ஓ. பன்னீர்செல்வம், எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார்.

இறந்தவர்களில் சிலர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். வேறு பலர், கருகிய வயலைப் பார்த்துவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. இவை வறட்சியால் வந்த மரணங்களா, வயதாலும் நோயாலும் வந்தவையா என்ற விவாதம் அப்போது எழுந்தது. ஒவ்வொரு தனி மரணத்துக்கும் காரணத்தை அறிந்தவன் அல்லாஹ். ஆனால் மருத்துவம் கூறும் பொதுவான செய்தி தெளிவாக இருக்கிறது: அதிர்ச்சியும் துயரமும் இதயத்தைத் தாக்கும். ஏற்கெனவே குழாய் சுருங்கிய நெஞ்சில் மாரடைப்பைக் கொண்டுவரும். குழாயில் அடைப்பே இல்லாதவருக்கும் கடுந்துயரத்தால் இதயத்தின் கீழ்ப்பகுதி திடீரெனச் செயலிழந்து உப்பிப்போவதை ஜப்பானிய மருத்துவர்கள் 1990இல் விவரித்தார்கள். இது பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வருகிறது. உரிய சிகிச்சையில் பலரும் குணமடைகிறார்கள். நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது என்று துக்க வீட்டில் ஒரு தாய் சொன்னால், அதை அழுகைப் பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கவலைப்படுவது ஈமானின் குறைபாடா?

கவலையில் நலிந்தவரைப் பார்த்து, உனக்குத் தவக்குல் இல்லை, தொழுகையில் ஓர்மை இல்லை, அதனால்தான் இப்படி என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. நோயாளியின் நெஞ்சில் இது இன்னொரு கல்லை ஏற்றி வைக்கிறது.

நபி யஃகூப் (அலை) அவர்களைவிடத் தவக்குல் மிக்கவர் நம்மில் யார்? மகன் யூசுஃபை (அலை) இழந்த துயரத்தால் அவர்களுடைய கண்கள் வெளுத்துப்போனதை யூசுஃப் அத்தியாயம் 84ஆம் வசனம் கூறுகிறது. அவர்கள் பொறுமையை விட்டுவிடவில்லை. தம் துக்கத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாக அவர்கள் சொன்னதை 86ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. அழகிய பொறுமையும் உடலைப் பாதிக்கும் துயரமும் ஒரே நபியிடத்தில் ஒன்றாக இருந்திருக்கின்றன. பிரசவ வேதனையில் இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று மர்யம் (அலை) அவர்கள் ஏங்கியதும், குழந்தையை ஆற்றில் விட்ட மூஸா (அலை) அவர்களின் தாயாருடைய உள்ளம் வெறுமையாகிப் போனதும் திருக்குர்ஆன் நமக்குச் சொல்லும் செய்திகளே. நுபுவ்வத்தின் 10ஆம் ஆண்டில் அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்தார்கள். நம் நாயகத்தின் வரலாற்றில் அதற்குத் துக்க ஆண்டு என்றே பெயர். கைக்குழந்தை இப்ராஹீம் இறந்தபோது அண்ணலாரின் கண்கள் கண்ணீர் சிந்தியதை ஸஹீஹுல் புகாரீயில் காண்கிறோம்.

எனவே கவலை வருவது குற்றமாகாது. அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழந்து, தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் வழியைத் தேடுவதே தடுக்கப்பட்டது. அந்த நிலைக்குப் போகுமுன் கைப்பிடித்து நிறுத்துவது சுற்றியிருப்போரின் பொறுப்பு.

துஆவும் மருந்தும்

மருத்துவம் செய்துகொள்ளுமாறும், அல்லாஹ் எந்த நோயையும் நிவாரணமின்றி இறக்கவில்லை என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இது பதிவாகியுள்ளது. மனநோய் அதற்கு விலக்கல்ல. ஹிஜ்ரீ 322இல் (கி.பி. 934) மறைந்த அபூஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் சேர்த்து ஒரே நூலாக எழுதினார். கவலை, கோபம், அச்சம், வீண் எண்ணங்கள் ஆகியவற்றுக்கு அதில் தனித்தனியே சிகிச்சை கூறியுள்ளார். மனத்துக்கும் வைத்தியம் உண்டு என்பது நம் முன்னோர்கள் அறிந்திருந்த ஒன்று.

இதை மறந்ததன் விலையையும் தமிழகம் கண்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. அத்தகையவர் குடும்பத்தில் இருந்தால், வழக்குக்கு அஞ்சி மறைக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, காரணமில்லாத அழுகை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு ஆகியவை தொடர்ந்தால், அது சாதாரணக் கவலை என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. தேனி க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள் 14416 என்ற எண்ணில் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனையை இலவசமாகப் பெறலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இச்சேவையில் தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. மருத்துவர் தரும் மாத்திரையை, சற்று நலமானதும் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியவையும் உள்ளன. இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் அமர்வதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. இன்று அந்த வீண்பேச்சின் இடத்தைச் செல்பேசி பிடித்திருக்கிறது. அதை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுத்துப் பாருங்கள். சுரந்த சர்க்கரையும் அட்ரினலினும் செலவாக வேண்டுமானால் கால்கள் நடக்க வேண்டும். பஜ்ருக்குப் பின் அரைமணி நேரம் வயல் வரப்பிலோ ஆற்றங்கரையிலோ நடக்கலாம். மூச்சை மெதுவாக, நீட்டி வெளியே விடும்போது இதயத்தின் வேகம் தணிகிறது. தஜ்வீத் முறைப்படி நிறுத்தி நீட்டித் திருக்குர்ஆன் ஓதுபவருக்கு இது தானாகவே கிடைக்கிறது. உடல் நலத்துக்காக நாம் இபாதத் செய்வதில்லை, அல்லாஹ்வுக்காகச் செய்கிறோம். அவன் தன் அடியார்களுக்கு இந்தப் பலனையும் சேர்த்துத் தருகிறான். ஏதேனும் ஒரு காரியம் நாயகத்தை வருத்தினால் உடனே தொழுகைக்கு விரைவார்கள் என்று ஹுதைஃபா (ரலி) அறிவிக்கிறார்கள். பீடி, சிகரெட்டில் ஆறுதல் தேடுவோர், அது இதயத் துடிப்பை மேலும் கூட்டுவதை அறிய வேண்டும். குடியில் தேடுவோரோ ஹராமையும் நோயையும் சேர்த்து வாங்குகிறார்கள்.

கடன் கொடுத்தவர்களே, கேளுங்கள்!

இதுவரை சொன்னவை கவலைப்படுபவர் செய்ய வேண்டியவை. இனி மற்றவர்கள் செய்ய வேண்டியது. அபூஉமாமா (ரலி) அவர்களுக்குக் கற்றுத்தரப்பட்ட துஆவில், கவலையிலிருந்து தொடங்கும் பாதுகாவல் தேடல், கடனின் சுமையிலும் மனிதர்களின் அடக்குமுறையிலும் வந்து முடிகிறது. கவலைக்கு வெளியே ஒரு காரணம் இருக்கிறது என்பதையும், அந்தக் காரணம் பல நேரங்களில் இன்னொரு மனிதர் என்பதையும் அது நமக்கு உணர்த்துகிறது.

கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறும், தள்ளுபடி செய்துவிடுவது அதைவிடச் சிறந்தது என்றும் அல்பகரா அத்தியாயம் 280ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். அப்படிச் செய்பவருக்கு மறுமையில் அல்லாஹ்வின் நிழல் கிடைக்கும் என்ற நற்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஏலக்காய் விலை விழுந்த ஆண்டில் தவணையை அடுத்த பருவத்துக்கு ஒத்திவைக்கும் ஒரு சொல், கடன்பட்டவரின் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தாகவும் ஆகிறது. வாசலில் நின்று பிள்ளைகள் கேட்கச் சத்தம் போடும் ஒரு சொல், அதே இதயத்தின் மீது விழும் அடியாகிறது. வட்டி மார்க்கத்தில் முற்றிலும் ஹராம். கந்துவட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றை 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டமும் குற்றமாக்கியுள்ளது. அதில் சிக்கியவர்கள் காவல்துறையில் புகார் செய்ய அஞ்ச வேண்டாம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வட்டியில்லாக் கடன் உதவி நடத்தும் மஹல்லாக்கள் அதை விரிவாக்குங்கள். இல்லாத மஹல்லாக்கள் தொடங்குங்கள். ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினருள் கடனாளியும் ஒருவர் என்பதை ரமளானில் நினைவில் வையுங்கள். மவுத்தான வீட்டில் மூன்று நாட்களுக்குப் பின்னும் போய் விசாரியுங்கள். இறப்பு நேர்ந்த வீட்டாருக்காக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சியைக் காய்ச்சச் செய்வார்கள். அது நோயாளியின் உள்ளத்துக்கு இதமளித்துத் துக்கத்தில் சிறிதைப் போக்கும் என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டதாகவும் கூறுவார்கள். நாம் ஒரு தூக்குவாளிக் கஞ்சியோடு போய், பத்து நிமிடம் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்தாலும் அந்தச் சுன்னத்தின் கருத்து நிறைவேறும்.

குடும்பத் தலைவர்களே! கடனை மனைவியிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும் மறைப்பதை வீரமாக எண்ணாதீர்கள். மறைத்த கவலை இரவில் உங்கள் நெஞ்சுக்குள்தான் நடமாடும். தாய்மார்களே! வாப்பாவோ அத்தாவோ கணவரோ வழக்கத்தைவிட மௌனமாக இருந்தால், என்ன விஷயம் என்று கேளுங்கள். ஒருமுறை கேட்டுப் பதில் வரவில்லையென்றால் மறுநாளும் கேளுங்கள். மகன் வெளிநாட்டிலிருந்து பேசும்போது பணம் எப்போது வரும் என்று கேட்பதற்கு முன், தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அபூஉமாமா (ரலி) அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்வியை இன்று நாம் ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கினால், நேரம் கடக்குமுன் காப்பாற்றப்படும் உயிர்கள் நம் மஹல்லாவிலேயே இருக்கக்கூடும்.

கவலைகளிலிருந்தும் கடன் சுமையிலிருந்தும் அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக! நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவையும், கடன்பட்டோருக்கு விடுதலையையும், துயருற்ற இல்லங்களுக்கு மன அமைதியையும் தந்தருள்வானாக! அவன் தந்த உடல் என்னும் அமானிதத்தைப் பேணி, பிறருடைய சுமையை இறக்கிவைக்கும் நல்லடியார்களாக நம்மை ஆக்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.